ஏப்ரல் வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு நீர்ப்பூங்கா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அம்மா | ஏப்ரல் 1, இரவு 9.42

வணக்கம். தங்கச்சி குடும்பம் டொரொன்டோவில் இருந்து கொழும்புக்கு வந்து நிற்கிறார்கள். லீவில் எல்லோருமாக ஒரு நாள் நீர்ப்பூங்காவுக்குப் போவோம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மகனுக்கு 5 வயது, மகளுக்கு இரண்டரை, தங்கச்சியின் மகளுக்கு 7. பெரியவர்கள் நான்கு பேர். அம்மாவும் வருகிறார், அவருக்கு 68.

ஏன் கேட்கிறேன் என்றால், போன வருடம் ஒரு பூங்காவுக்குப் போன இடத்தில் மகன் பகல் இரண்டு மணிபோல முகம் சிவந்து, சாப்பாட்டைத் தொடாமல் என் மடியில் வந்து படுத்துவிட்டான். இவ்வளவு காசு கொடுத்து ரிக்கற் எடுத்தோமே என்று அதன் பிறகும் இரண்டு மணித்தியாலம் நின்றோம். அன்றிரவு இரண்டு தரம் சத்தி எடுத்தான். அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைத்தால் இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. எத்தனை மணிக்குப் போவது, என்ன கொண்டுபோவது, சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, எல்லாம் சொல்லுங்கள்.

தெஹிவளை இரட்டையர் அப்பா | ஏப்ரல் 1, இரவு 10.15

அக்கா, எங்கள் இரட்டையர்களுக்கு நான்கு வயது. மூன்று தரம் போயிருக்கிறோம். முதல் தரம் பெரும் பாடு, மற்ற இரண்டும் சந்தோஷம். நேரத்தை மாற்றினோம், வேறு ஒன்றும் செய்யவில்லை.

பண்டாரகமையில் உள்ள பேர்ல் பே (Pearl Bay) பூங்காவுக்கு என்றால் கொட்டாவையில் ஹைவே ஏறி கெலனிகமையில் இறங்குங்கள். லீஷர் வேர்ல்ட் என்ற பூங்கா ஹன்வெல்லப் பக்கம். எங்கே போனாலும் கதவு திறப்பதற்குக் கால் மணி முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் விளையாடுகிற அளவு அதற்குப் பிறகு நாள் முழுக்க நின்றாலும் வராது. வரிசை இல்லை, தண்ணீர் குளிர்ச்சி, தரையும் சுடாது.

தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தரம் போனபோது பதினொரு மணிக்குச் சறுக்கின் படிக்கட்டில் வரிசையில் நின்றோம். மகள் ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைப்பாள், பிறகு மாற்றி வைப்பாள். ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நான் நின்றது ரப்பர்ச் செருப்போடு. அவள் நின்றது வெறுங்காலில், காய்ந்த சீமெந்தில். உள்ளங்கால் சிவந்திருந்ததை மேலே போய்த்தான் கண்டேன். தண்ணீருக்குள் போடக்கூடிய துணிச் சப்பாத்து விற்கிறார்கள். அதை வாங்காமல் போகாதீர்கள்.

புறக்கோட்டை ராஜா | ஏப்ரல் 1, இரவு 10.31

நாங்களும் 16ஆம் திகதி போக இருக்கிறோம். இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் | ஏப்ரல் 2, காலை 6.05

திகதியைக் கவனியுங்கள் பிள்ளை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். தெற்கில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வடக்கே நகரும். கொழும்புக்கு 7ஆம் திகதி அளவில், பகல் 12.12 போல. வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் அந்த நேரம் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். நிழல் சுருங்கிச் சுருங்கிச் சப்பாத்துக்குள் ஒளிந்துவிடும். (ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில் சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு தரம் இது நடக்கும்.)

பூங்காவில் இதனால் என்ன என்றால், காலையில் சுவரோரம் நிழலாக இருக்கிறதே என்று பையை வைத்த வாங்கு, மதியம் முழு வெயிலில் இருக்கும். ஆகவே போனவுடன் நேர் மேலே கூரை உள்ள இடமாகப் பிடியுங்கள்.

இது இடைப்பருவ மழைக் காலமும்கூட. மேல் மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை வருவது வழக்கம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் தண்ணீரை விட்டு ஏறிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இறங்கக் கூடாது. எனவே மதியத்தோடு புறப்படுகிறவர்களுக்கு இந்த மாதத்தில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.

சிறுவர் வார்டு தாதி | ஏப்ரல் 2, பகல் 1.20

வெள்ளவத்தை அம்மா, உங்கள் மகன் போன வருடம் உங்களிடம் வடிவாகத்தான் சொல்லியிருக்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "எனக்கு உடம்பு சூடாகிவிட்டது" என்று சொல்லத் தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்னும், சிணுங்கும், மடியில் வந்து விழும். அதற்குப் பிறகு ஒரு நிமிடமும் வெயிலில் நிற்கக் கூடாது. பல தாய்மார் உங்களைப் போலத்தான் நின்றிருக்கிறார்கள். அதைப் போட்டு மனதை வருத்தாதீர்கள்.

கொழும்பு வெயில் ஏமாற்றும். வெப்பமானி 32, 33 என்றுதான் காட்டும். காற்றில் ஈரம் கூடிய ஊர் என்பதால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. தண்ணீருக்குள் நிற்கிற பிள்ளைக்குத் தாகமும் தெரியாது. அதனால் கேட்டால் கொடுப்போம் என்று இருக்காமல், இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் நீங்களாகவே இரண்டு மிடறு குடிக்க வையுங்கள். சின்னவளின் பம்பர்ஸ் மூன்று நான்கு மணித்தியாலமாகக் காய்ந்தே இருந்தால் அவளுக்குத் தண்ணீர் போதவில்லை.

தம்பிலி (செவ்விளநீர்) நல்லது. உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) இரண்டு பக்கெட் பையில் இருக்கட்டும். ஆனால் அரைப் பக்கெட்டைப் போத்தலில் கொட்டிக் கலக்கக் கூடாது. பக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும்.

தள்ளுவண்டியில் தூங்கும் பிள்ளைக்கு வெயில் படாமல் துணியால் மூடுகிறோம் என்று காற்றையும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் அடுப்படி மாதிரி இருக்கும். மூடாதீர்கள்.

பிள்ளை கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் மயங்கினாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும் வரைக்கும் நிழலில் கிடத்தி, உடுப்பைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வெயிலால் வந்த சூட்டுக்குப் பனடோல் கேட்காது. பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் நேரம்தான் போகும்.

இன்னும் ஒன்று. வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். சில கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். ரிக்கற் எடுத்தாயிற்று என்பதற்காக மற்றவர் பிள்ளைக்கு நோய் கொடுக்கலாமா?

வத்தளை பஸ்காரர் | ஏப்ரல் 2, இரவு 8.50

எல்லோரும் நல்லது சொல்கிறீர்கள், ஆனால் மதியத்தோடு வெளியேறுங்கள் என்பது வான் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சரி. நான் கடையில் வேலை. பிள்ளைகளோடு இப்படிப் போக எனக்கு வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. வத்தளையில் இருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு ஓட்டோ பிடித்துப் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிடும். போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பு என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியுமா? மகன் ஜனவரியில் இருந்து கலண்டரில் நாள் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

தெஹிவளை இரட்டையர் அப்பா | ஏப்ரல் 2, இரவு 9.12

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். நான் என் வசதியை வைத்துச் சொல்லிவிட்டேன்.

சிறுவர் வார்டு தாதி | ஏப்ரல் 2, இரவு 9.40

தம்பி, நாள் முழுக்க நில்லுங்கள், நடுப்பகலை மட்டும் விட்டுவிடுங்கள். பதினொன்றரையில் இருந்து இரண்டு, இரண்டரை வரை தண்ணீரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்தது போட்டு, கூரைக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட வைத்துப் படுக்க விடுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்துக் கிடந்தாலே உடம்பு ஆறிவிடும்.

வத்தளை பஸ்காரர் | ஏப்ரல் 3, காலை 5.30

சரி அக்கா, அது முடியும். பாய் கொண்டுபோகிறேன். வெளிச் சாப்பாடு உள்ளே விடுவார்களா என்பதை முதலே போன் எடுத்துக் கேட்கிறேன்.

நீச்சல் பயிற்சியாளர் | ஏப்ரல் 3, காலை 10.10

வெயிலைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள்.

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு எடுக்கவே வாய் போதாத நேரத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? முழங்கால் அளவு தண்ணீரிலும் இரண்டு வயதுப் பிள்ளை முகம் குப்புற விழுந்தால் எழும்பத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் நீச்சல் பழகுகிறது என்று நினைப்பார்.

காற்றடித்துக் கையில் மாட்டுகிற வளையத்தை நம்பாதீர்கள். அது விளையாட்டுச் சாமான். நழுவினால் முடிந்தது. பிள்ளையின் எடைக்குச் சரியான மிதவை அங்கி கேட்டு வாங்குங்கள், கவட்டுப் பட்டியையும் பூட்டுங்கள். அதைப் போட்டிருந்தாலும் இரண்டரை வயதுக்காரி உங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

பெரிய குடும்பமாகப் போகும்போதுதான் எனக்குப் பயம் கூட. ஐந்து பெரியவர்கள் நிற்கிறார்கள், மற்றவர் பார்ப்பார் என்று ஐந்து பேருமே கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆளைக் குறித்துக்கொள்ளுங்கள். "இப்ப அரை மணித்தியாலம் நான்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை எடுங்கள். அந்த அரை மணித்தியாலம் போன் கையில் இருக்கக் கூடாது. முடிந்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள்.

நீல நிற நீச்சல் உடுப்பு வாங்காதீர்கள். தண்ணீருக்குள் நீலம் கண்ணுக்குப் படாது. செம்மஞ்சள் நல்லது.

அலைக் குளத்தில் அலை வந்தால் கால் தரையை விட்டுக் கிளம்பும். சின்னப் பிள்ளைகளை ஓரத்திலேயே, கை பிடித்து. பெரிய சறுக்குகளுக்குப் பல இடங்களில் 120 செ.மீ. உயரம் கேட்பார்கள். வீட்டிலேயே கதவு நிலையில் அளந்து "நீ இதில் ஏறலாம், அதில் அடுத்த வருடம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால், அரை மணித்தியாலம் வரிசையில் நின்ற பிறகு அழ வேண்டி வராது.

மருதானை உம்மா | ஏப்ரல் 3, மாலை 4.35

பயிற்சியாளர் சொன்னதோடு உடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் பருத்திச் சுடிதாரோடு தண்ணீரில் இறங்குகிறார்கள். நனைந்ததும் கல்லைக் கட்டியது மாதிரி இழுக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்ப ஏலாது. துப்பட்டா சறுக்கில் சிக்கும். அதனால்தான் பல இடங்களில் நைலோன், லைக்ரா துணிதான் வேண்டும் என்கிறார்கள். நானும் மகள்களும் உடம்பு முழுக்க மூடுகிற நீச்சல் உடுப்புத்தான் போடுவோம். அதை எல்லாக் குளத்திலும் விடுவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுவேன், வாசலில் வாதாட விருப்பமில்லை. வெயிலுக்கும் அதைப் போல நல்லது ஒன்றுமில்லை. பூசும் கிரீம் முகத்துக்கும் கைக்கும் மட்டும் போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூச வேண்டும். நம் நிறத்துக்கு அது தேவையில்லை என்று நினைப்பது பிழை.

பம்பலப்பிட்டி சித்தி | ஏப்ரல் 3, இரவு 11.02

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், ஒரு பிள்ளைக்காவது உதவட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் சனம் நிறைந்த ஒரு நாளில் அக்காவின் மகன், அப்போது அவனுக்கு நான்கு வயது, எங்கள் கையை விட்டுப் போய்விட்டான். பதினைந்து நிமிடம். அவனை ஒரு சிங்களத் தாய்தான் கண்டு, தன் துவாயால் போர்த்தி, மடியில் வைத்திருந்தார். அவன் அம்மா, அம்மா என்று அழுதிருக்கிறான். இரண்டு மொழியிலும் அம்மா என்றால் அம்மாதானே, அவருக்கு அது விளங்கியிருக்கிறது. அம்மாவின் பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார், அவனுக்கு அது விளங்கவில்லை. பிறகு தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவன் அதற்கும் "அம்மா" என்றே சொன்னான். அவனுக்கு அவளுடைய பெயர் அம்மாதான். நாங்கள் வேறு பெயர் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

ஒலிபெருக்கியில் "சிவப்பு உடுப்புப் போட்ட சிறுவன்" என்று சிங்களத்தில் சொன்னார்கள். அந்த இரைச்சலில் நாங்கள் கவனிக்கவில்லை.

ஆகவே உங்கள் முழுப் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சிங்களத்தில் "மகே அம்மகே நம" (என் அம்மாவின் பெயர்) என்று தொடங்கிச் சொல்லப் பழக்குங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைக்கு இது இரட்டிப்பாக வேண்டும். முன்கையின் உள்பக்கம் போல்பொயின்ற் பேனாவால் போன் நம்பர் எழுதி, அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள், தண்ணீரில் அழியாது. வாசலில் அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் பிள்ளை என்ன நிறம் போட்டிருந்தது என்பதே மறந்துவிடும், எனக்கு மறந்துவிட்டது. தங்கச் சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

அம்மம்மா 72 | ஏப்ரல் 4, காலை 7.15

பேத்தி எழுதித் தருகிறாள். நான் சொல்ல வந்தது பெரியவர்களைப் பற்றி. என்னையும் ஆசையாகத்தான் கூட்டிப்போனார்கள். போனவுடன் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, ஏழு பை, எல்லோருடைய போன், சாவி, கைக்குட்டையில் முடிந்த பிள்ளைகளின் காப்பு எல்லாவற்றையும் என் மடியில் தந்துவிட்டுப் போனார்கள். ஒன்பது மணியில் இருந்து மூன்றரை வரை எழும்பவில்லை. பையை விட்டுவிட்டு எப்படிக் கழிவறைக்குப் போவது? அதற்காகத் தண்ணீரும் குடிக்கவில்லை. ஒருவரிலும் பிழை இல்லை, பிள்ளைகள் சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள். ஆனால் அன்று பின்னேரம் எனக்குத் தலை சுற்றியது. லொக்கர் எடுங்கள் மகள். உங்கள் அம்மாவும் காலை நனைக்கட்டும்.

கல்கிசை நிலா | ஏப்ரல் 4, காலை 9.00

இரண்டரை வயதுக்கு நீர்ப்பூங்கா தேவையில்லை என்பது என் எண்ணம். தெஹிவளை மிருகக்காட்சிசாலை 1936இல் இருந்து அரசின் பொறுப்பில் இருக்கிறது, மரமெல்லாம் பழைய மரம், நல்ல நிழல். காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பலாம். பின்னேரம் காலிமுகத்திடலில் பட்டம். சின்னவளுக்கு அது போதும்.

வெள்ளவத்தை அம்மா | ஏப்ரல் 10, இரவு 8.20

நேற்றுப் போய் வந்தோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினோம். வானுக்குள் மூன்று பேருக்கும் பாடம்: என் முழுப் பெயர், தங்கச்சியின் முழுப் பெயர், "மகே அம்மகே நம". தங்கச்சியின் மகள் டொரொன்டோ நாக்கால் அதைச் சொல்லச் சொல்ல என் மகன் திருத்திக்கொண்டே வந்தான். வாசலில் படம் எடுத்தோம். மூன்று பேரும் செம்மஞ்சள்.

முதல் இரண்டு மணித்தியாலம் நீங்கள் சொன்னது போலவே. மகன் சின்னச் சறுக்கில் பதினெட்டுத் தரம் இறங்கினான், எண்ணிக்கொண்டே வந்தான். சின்னவள் குளத்தையே திரும்பிப் பார்க்கவில்லை. கால் கழுவுகிற குழாயடியில் இருந்து தன் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீர் பிடித்து, என் பாதத்தில் ஊற்றி, திரும்பப் பிடித்து, முக்கால் மணித்தியாலம். நான் கை எட்டும் தூரத்தில் இருந்துகொண்டே பார்த்தேன். போன வருடம் என்றால் "இதற்கா இவ்வளவு காசு" என்று தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

அம்மாவுக்கு மருதானை ராத்தா சொன்ன மாதிரி நீள உடுப்பு வாங்கினோம். முதலில் மாட்டேன் என்றார். பிறகு மெதுவாக ஓடுகிற ஆற்றில் பெரிய டியூபில் இருத்திவிட்டோம். ஒரு சுற்று வந்ததும் இறங்கு என்றால் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீரில், நான்கு சுற்று. அப்பா போன பிறகு அம்மாவின் முகத்தை இப்படி நான் கண்டதில்லை.

பதினொன்றரைக்கு மகன் சோற்றைத் தள்ளினான். "இன்னும் ஒரு தரம்" என்று தங்கச்சியின் மகள் அழுதாள். ஒரு தரம் விட்டோம், பன்னிரண்டுக்கு வான் ஏறிவிட்டோம். ஹைவேயில் எல்லோரும் தூக்கம். இரண்டரைக்கு வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன், நல்ல இடியோடு மழை.

வத்தளை பஸ்காரர் | ஏப்ரல் 10, இரவு 9.05

கேட்கவே சந்தோஷம் தங்கச்சி. நாங்கள் 19ஆம் திகதி. பாய் விரிக்கக் கூரை உள்ள இடம் சின்னக் குளத்துக்குக் கிட்டவா, எட்டவா?

வெள்ளவத்தை அம்மா | ஏப்ரல் 10, இரவு 9.11

கிட்டத்தான் அண்ணா, குளத்தில் இருந்து ஒரு இருபது அடி. ஆனால் நாங்கள் போனபோது பத்து மணிக்கே நிறைந்துவிட்டது. நீங்கள் பத்துக்குத்தானே போய்ச் சேருவீர்கள்? உடுப்பு மாற்றும் கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கூரை இருக்கிறது, சீமெந்துத் திண்ணை, நல்ல காற்று. அங்கே ஒருவரும் போகவில்லை. நேரே அங்கே போய்ப் பாயைப் போடுங்கள். துணிச் சப்பாத்து உங்கள் மகனுக்கு என்ன அளவு? தங்கச்சியின் மகள் திரும்பிப் போகும்போது அவளுடையதை விட்டுவிட்டுப் போகிறாள், 7 வயது அளவு. 19க்கு முன் வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.